சுவருக்குள் ஒரு துடைப்பம்

நம் வாசகியருள் ஒருவரான அம்மையார் சென்ற மாதம் நமக்கு நீண்டதொரு மடல் வரைந்திருந்தார். அவருடைய மகளும் மருமகனும் கனடா நாட்டில், டொராண்டோ நகரையடுத்த புறநகர் ஒன்றில், பழைய வீடொன்றைக் கடன் பெற்று வாங்கியிருக்கின்றனர். மேல்மாடியும் நிலவறையும் உள்ள மரவீடு. ஆறு வயதுப் பேரனுக்கு ஆஸ்துமா. மாதத்தில் இரண்டு மூன்று இரவுகளாவது மூச்சுக்குத் திணறி எழுந்து உட்கார்ந்து விடுகிறான். இந்நிலையில் மருமகன், வீட்டுச் சுவர்களுக்குள் குழாய் பதித்து, வீடு முழுமைக்கும் பொதுவான தூசி உறிஞ்சும் பொறி ஒன்றை நிலவறையில் பொருத்தப் போவதாகச் சொல்கிறாராம். மகளோ, கடன் தலைக்குமேல் இருக்கையில் இது வீண் செலவு என்கிறாராம். "இருவரும் தொலைபேசியில் என்னிடம் நியாயம் கேட்கிறார்கள். நான் அறிந்ததெல்லாம் பூந்துடைப்பமும் ஈர்க்கு விளக்குமாறுந்தான். நான் யார் பக்கம் பேசுவது?" என்று அம்மையார் வினவுகிறார்.

பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிவிட்டு, அவர்கள் வாழும் வீடு எத்தகையதென்று அறியாமலே அவர்களுடைய கவலைகளில் பங்குகொள்ளும் பெற்றோர் நம் பங்குகளில் இன்று பலர். ஆகவே இம்மாதப் பக்கத்தை இப்பொருளுக்கே ஒதுக்கினோம்.

முதலில் பொருள் இன்னதென்று பார்ப்போம். சாதாரண வாக்குவம் கிளீனர் நாம் அறிந்ததே. சக்கரம் வைத்த பெட்டி. அதனுள் மோட்டாரும் தூசிப் பையும். முன்னால் ஒரு குழாய். அறை அறையாக அதை இழுத்துச் செல்ல வேண்டும். மாடிப்படியில் தூக்கிச் செல்ல வேண்டும். அப்பெட்டியை மட்டும் நிலவறையிலோ கார் நிறுத்தும் கொட்டகையிலோ நிலையாகச் சுவரில் மாட்டிவிட்டு, அங்கிருந்து வீடெங்கும் சுவர்களுக்குள் பிளாஸ்டிக் குழாய்களை ஓட்டி, ஆங்காங்கே சுவரில் மூடியுள்ள சிறு வாய்களை அமைத்துவிட்டால் அதுவே சென்ட்ரல் வாக்குவம். துப்புரவு செய்பவர் நீண்ட நெளிகுழாயை மட்டும் கொண்டு சென்று, சுவர்வாயின் மூடியைத் திறந்து செருகினால் போதும். கைப்பிடியிலுள்ள சுவிட்சைத் தட்டியதும் கீழே மோட்டார் ஓடத் தொடங்கும். தூசி சுவருக்குள்ளேயே பயணம் செய்து நிலவறையிலுள்ள கலத்தில் விழும். எஞ்சிய காற்று வேறொரு குழாய் வழியே வீட்டுக்கு வெளியே போய்விடும்.

இது புதுமைபோல் தோன்றினாலும் பழையதே. 1901-ஆம் ஆண்டில் இலண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர், தூசியை ஊதிப் பறக்கவிடும் கருவியொன்றைக் கண்டார். ஊதுவதைவிட உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. உணவகத்தில் நாற்காலியொன்றின்மேல் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தாராம். கைக்குட்டையின் அடிப்புறம் அழுக்கேறியிருந்தது. அவர் செய்த பொறி குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தவேண்டிய அளவினது. நீண்ட குழாய்களைச் சன்னல் வழியே வீட்டுக்குள் விடுவார்கள். 1902-இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கென வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கம்பளங்களைத் துப்புரவு செய்தது அப்பொறியே. அதே 1902-இல் அமெரிக்க நாட்டில் டேவிட் கென்னி என்பவர், பிட்ஸ்பர்க் நகரின் ஃபிரிக் கட்டடத்தில் 4,000 பவுண்டு எடையுள்ள நீராவிப் பொறியொன்றை நிறுவி, அங்கிருந்து கட்டடம் முழுவதும் குழாய்களை ஓட்டினார். கையில் இழுத்துச் செல்லும் சிறு பொறி வீடுகளுக்கு வந்ததோ அதற்குப் பின்னர்தான். ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் இரவுத் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் முரே ஸ்பாங்லர் என்பவர் ஆஸ்துமாவால் வருந்தியவர். கூட்டும்போது எழும் தூசி தம்மைக் கொல்கிறதென்று, விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் துடைப்பக் கட்டையையும் இணைத்து ஒரு கருவி செய்துகொண்டார். 1908-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவ்வுரிமையை வாங்கிய ஹூவர் என்பாரின் பெயரே பின்னர் உலகெங்கும் பரவியது. சிறு பொறி மலிவாகக் கிடைக்கவே சுவர்க்குழாய் முறையை வீடுகள் மறந்தன. பிளாஸ்டிக் குழாய்கள் மலிந்த பிறகு, ஏறத்தாழ 1950-களின் இறுதியிலிருந்து, அது வட அமெரிக்க வீடுகளுக்கு மீண்டும் வந்தது.

மூச்சுத் திணறிய ஒருவரின் கையிலிருந்தே வாக்குவம் கிளீனர் பிறந்ததென்பது அம்மையாரின் கேள்விக்கு ஒருவகையில் பொருத்தமான செய்திதான். ஆனால் அவர் மருமகன் எண்ணுவதுபோல் பொறி வந்தவுடன் பேரன் அமைதியாக உறங்கிவிடுவானா? இங்கே நாம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச விரும்புகிறோம்.

இரவில் குழந்தையை எழுப்பிவிடும் ஆஸ்துமா, கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா என்பதே மருத்துவர்களின் கணிப்பு. ஆதலால் முதல் செலவு சுவருக்கன்று. குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, இரவில் எத்தனை முறை எழுந்தான் என்பதைத் தேதியுடன் எழுதிக்காட்டி, இன்ஹேலர் மருந்தின் அளவையும் அவன் அதை உறிஞ்சும் முறையையும் சரிபார்க்கச் செய்வதே முதல் வேலை. அடுத்து, அவனுக்கு ஒவ்வாதது எது என்பதைச் சோதனையால் அறிதல் வேண்டும். பூனை முடியா, பூஞ்சணமா, தூசிப்பூச்சியா? மூன்றுக்கும் வைத்தியம் வெவ்வேறு. நிலவறையின் ஈரச் சுவரில் பூஞ்சணம் படர்ந்திருந்தால் எந்த உறிஞ்சு பொறியும் அதற்கு மருந்தாகாது.

தூசிப்பூச்சிதான் காரணமென்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத இச்சிற்றுயிர் மனிதத் தோலின் உதிர்வைத் தின்று, மெத்தையிலும் தலையணையிலும் கம்பளத்திலும் வாழ்வது. குழந்தை இரவு முழுவதும் முகம் புதைத்துக் கிடக்கும் மெத்தையே அதன் தலைமையிடம். கம்பள இழைகளைப் பற்றிக்கொண்டு கிடக்கும் உயிருள்ள பூச்சிகளை உறிஞ்சு பொறி பெரும்பாலும் பெயர்ப்பதில்லை. அவற்றின் கழிவையும் மேல்தூசியையுமே எடுக்கிறது. ஆகவே மெத்தைக்கும் தலையணைக்கும் பூச்சி புகாத நெருக்கமான நெசவுள்ள உறை இடவேண்டும். விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் வெளுக்க வேண்டும். வீட்டின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அவன் படுக்கையறையில் சுவருக்குச் சுவர் ஒட்டப்பட்ட கம்பளம் இருக்குமானால் அதைச் சுருட்டி வெளியே எறிய வேண்டும். குளிர்நாட்டில் கால் சில்லிடுமே என்பார்கள். சில்லிடட்டும், காலுறை விற்கிறார்கள் அல்லவா?

இவ்வளவும் செய்தபின், மாடிப்படியிலும் கூடத்திலும் இன்னும் கம்பளம் இருக்குமானால், உறிஞ்சு பொறியின் பேச்சுக்கு இடமுண்டு. அப்போது மருமகன் பக்கமும் நியாயம் இல்லாமற் போகவில்லை. சாதாரணப் பொறி, தான் உறிஞ்சிய காற்றை வடிகட்டி அதே அறைக்குள்தான் திருப்பி விடுகிறது. வடிகட்டி மட்டமானதாகவோ பழையதாகவோ இருந்தால் மிக நுண்ணிய தூசி அறைக்கே திரும்பும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சன்னல்களைச் சாத்தியே வைத்திருக்கும் வீட்டில் அது எங்கே போகும்? காற்றை வெளியே போக்கும் சுவர்க்குழாய் முறையில் இத்தொல்லை இல்லை. எனினும் 'ஹெப்பா' என்னும் வடிகட்டி உள்ள நல்ல சிறு பொறியொன்று, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். இறுகப் பொருந்திய மூடியுடன் அத்தகைய பொறி சுவர்க்குழாய் முறையைவிட மிகவும் குறைந்த விலையில் கிடைக்கிறது. எந்தப் பொறியானாலும் தூரிகை கம்பளத்தைக் கிளறும்போது சிறிது தூசி எழத்தான் செய்யும். பொறி ஓடும் நேரத்திலும் அதன்பின் சற்று நேரமும் குழந்தை வேறு அறையில் இருக்கட்டும்.

ஆகவே நம் தீர்ப்பு இது: முதலில் மருத்துவர், பின்னர் மெத்தையும் கம்பளமும், பணம் எஞ்சினால் பொறி. மகள் சொல்வது இவ்வாண்டுக்குச் சரி. மருமகன் சொல்வது, கடன் சற்றுத் தணிந்த ஓராண்டுக்குச் சரியாகலாம். முதுகுவலியுள்ள பெண்ணொருத்தி கனத்த பெட்டியை மூன்று தளங்களுக்கும் சுமந்து ஏறி இறங்குவதும் ஒரு செலவுதான் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீடு கூட்டுபவர் யாரோ அவரே பொறியைத் தேர்ந்தெடுக்கட்டும் என்பது நம் பொதுவான கொள்கை; இவ்விஷயத்தில் மருமகன் துடைப்பத்தைத் தாமே கையிலெடுப்பவராயின் அவர் சொல்லுக்கும் எடையுண்டு.

இனி, பொருத்துவதென்று முடிவாகிவிட்டால் அறியவேண்டியவை சில உண்டு. அங்குள்ள வீடுகள் செங்கல்லும் சிமெண்டுமாக இறுகியவை அல்ல. நெட்டுக்குத்தான மரச்சட்டங்களின் இருபுறமும் ஜிப்சம் பலகை அறைந்த உள்ளீடற்ற சுவர்கள் அவை. இரண்டு அங்குலக் குழாய் அவ்விடைவெளியில் தாராளமாக ஓடும். ஒரே தளமும் நிலவறையுமான வீடாயின் வேலை எளிது. நிலவறைக் கூரையின் விட்டங்களை ஒட்டி முதன்மைக் குழாயை ஓட்டி, உட்சுவர்களின் அடிச்சட்டத்தைத் துளைத்து மேலே வாய் வைத்துவிடலாம். மேல்மாடிக்கு ஏற்றுவதுதான் சிக்கல். கீழ்த்தளத்தில் துணி அலமாரி அறையும் அதற்கு நேர்மேலே இன்னொன்றும் இருந்தால், அவற்றின் மூலையில் குழாயைச் சுவருக்கு வெளியிலேயே ஏற்றிவிடலாம், யார் பார்க்கப்போகிறார்கள்? வெளிச்சுவர்களில் குளிர் காக்கும் பஞ்சு அடைத்திருப்பார்களாதலால் அவற்றைத் தொடாதிருப்பது நன்று. உட்சுவரிலும் மின்கம்பி, தண்ணீர்க் குழாய், வெப்பக்காற்றுக் குழாய் எங்கே போகின்றன என்று அறியாமல் துளையிடலாகாது. வீட்டின் பாரம் தாங்கும் சட்டமாயின், துளையிடுமுன் தச்சரைக் கேட்க வேண்டும்.

பழைய வீடு என்று அம்மையார் எழுதியிருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். கனடாவில் 1990-க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில், சுவர்ப் பூச்சிலும் கூரைக்காப்பிலும் கல்நார் கலந்திருக்கக்கூடும். பழைய வண்ணப்பூச்சில் ஈயமும் இருக்கக்கூடும். துளையிட்டால் இரண்டும் தூளாகிக் காற்றில் கலக்கும். மூச்சு நோயுள்ள குழந்தைக்காகச் செய்யும் வேலை அவனுக்கே கேடாய் முடிந்துவிடலாகாது. துளையிடுமுன் சிறு துண்டைச் சோதனைச் சாலைக்கு அனுப்பி அறிந்துகொள்க. கல்நார் இருப்பதாகத் தெரிந்தால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்களைத்தான் அழைக்க வேண்டும். இல்லையென்றாலும், துளையிடும் நாள்களில் பேரன் உறவினர் வீட்டில் இருப்பதே நல்லது.

வாய்கள் எத்தனை, எங்கே என்பதற்குக் கடைக்காரர் தயவு தேவையில்லை. நெளிகுழாய் வழக்கமாக 30 அடி நீளமுடையது. முப்பதடிக் கயிறு ஒன்றை எடுத்து, வாய் வைக்க எண்ணும் இடத்தில் ஒருமுனையைப் பிடித்துக்கொண்டு, கட்டில் நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு ஒவ்வோர் அறையின் கடைக்கோடிக்கும் மறுமுனையைக் கொண்டுபோய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். நடுத்தர வீட்டுக்குத் தளத்துக்கு ஒன்றாக மூன்று வாய்கள் பெரும்பாலும் போதும். கதவு திறந்தால் மறைக்கும் இடத்திலும், சோபாவின் பின்னாலும் வைத்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர்.

குழாய் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கழிவுநீருக்கென விற்கும் பி.வி.சி. குழாய் வேறு, இதற்கெனவே செய்த மெல்லிய குழாய் வேறு. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தா. திருப்பங்களில் வட்டமாக வளைந்த எல்போக்களையே இடவேண்டும். ஆனால் ஒவ்வொரு சுவர்வாய்க்கும் நேர்ப்பின்னால் மட்டும் குறுகலான எல்போ ஒன்றை வேண்டுமென்றே வைக்கிறார்கள். இது நாம் மிகவும் வியந்த சூழ்ச்சி. பேனா, சீப்பு போன்றவை உறிஞ்சப்பட்டால் கைக்கெட்டும் அம்முதல் திருப்பத்திலேயே சிக்கி நின்றுவிடும்; அதைக் கடந்த பொருள் மற்ற அகன்ற திருப்பங்களையும் கடந்து கலத்தைச் சேர்ந்துவிடும். சுவரின் நடுவே அடைத்துக்கொண்டால் உடைத்தல்லவா எடுக்கவேண்டும்!

குழாயை நேராக அறுத்து, உள்விளிம்பின் பிசிறைக் கத்தியால் சீவ வேண்டும். பசையைக் குழாயின் வெளிப்புறத்தில் தடவ வேண்டுமேயன்றி, இணைப்பின் உட்புறத்தில் தடவலாகாது. உட்புறம் தடவினால் குழாயைச் செருகும்போது பசை முன்னே தள்ளப்பட்டு உள்ளே மேடாக இறுகும். பின்னர் தலைமுடியும் நூலும் அம்மேட்டில் சுற்றி நாளடைவில் அடைப்பாகும். முதலில் எல்லாவற்றையும் பசையின்றிப் பொருத்திப் பார்த்து, பென்சிலால் குறியிட்டுப் பின்னரே ஒட்ட வேண்டும். அப்பசை நொடிகளில் பிடித்துக்கொள்ளும், பிரிக்க முடியாது. அதன் நெடியும் பொல்லாதது. கிளைக்குழாய் சேரும் இடங்களில், டீ இணைப்பின் வளைவு பொறியை நோக்கி இருக்க வேண்டும். முதன்மைக் குழாயிலிருந்து கிளை நேர்கீழாகப் பிரியுமானால் தூசி அதனுள் விழுந்து தங்கும். சட்டத்தைத் துளைத்துச் செல்லுமிடத்தில் ஆணி பாயாதிருக்கச் சிறு இரும்புத் தகடு அறைதல் நலம்.

குழாயோடு சேர்த்து மெல்லிய இரட்டைக் கம்பியொன்றும் ஓடும். கைப்பிடி சுவிட்சின் சைகையைப் பொறிக்குக் கொண்டு செல்வது அது. பெரும்பாலும் 24 வோல்ட்டே ஆதலால் அச்சமில்லை. பொறிக்கோ தனி மின்சுற்று வேண்டும். கம்பளத்துக்குச் சுழலும் தூரிகை வேண்டுமாயின் அதற்கும் மின்சாரம் தேவை. இவ்விரண்டையும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுவதே முறை. காற்று வெளியேறும் குழாயைச் சன்னலுக்கும், வெளிக்காற்றை உள்ளிழுக்கும் துளைக்கும் அருகே விடலாகாது. துணி உலர்த்தும் பொறியின் புகைபோக்கியோடு இணைப்பதும் தவறு. கார்க் கொட்டகையில் பொறியை வைப்பதாயின், வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையிலுள்ள சுவர் தீயைத் தடுப்பதற்கென அமைந்தது. அதைத் துளைக்குமுன் நகரசபையின் கட்டட விதிகளைக் கேட்டறிக. அம்மையாரின் மருமகன் நிலவறையைத் தேர்ந்திருப்பதால் இத்தொல்லை அவருக்கில்லை.

கடையில் பொறியின் வலிமையைக் குதிரைத்திறனில் சொல்வார்கள். அதைக் கேட்டுப் பயனில்லை. ஓடும் காற்றின் அளவையும் உறிஞ்சும் இழுப்பையும் சேர்த்துக் கணிக்கும் 'ஏர் வாட்' என்னும் அளவையே கேட்க வேண்டும். மிகுதியான காற்றோட்டம், மிகுதியான இழுப்பு என்று இரு பெரிய எண்களை அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். முன்னது வாய் முழுதும் திறந்திருக்கும்போது கிடைப்பது, பின்னது வாய் முழுதும் அடைத்திருக்கும்போது கிடைப்பது. இரண்டும் ஒரே வேளையில் கிடைப்பதில்லை.

கலத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வெறுமையாக்கினால் போதுமென்பது உண்மையே. அதை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு செய்ய வேண்டும். பேரன் பக்கத்தில் நிற்கலாகாது. ஈரப் பொருள், அடுப்புச் சாம்பல், சுவர்ப்பலகைத் தூள் ஆகியவற்றை இப்பொறிக்குக் காட்டவே கூடாது. கிறிஸ்து பிறப்பு விழா முடிந்து, கூடத்தில் நிறுத்திய மரத்தின் ஊசியிலைகள் உதிர்ந்து கிடக்கும்போது கை அரிக்கும். அவற்றை அம்மையார் அறிந்த பூந்துடைப்பத்தாலேயே கூட்டி அள்ளட்டும். குழாயின் குறுக்கே அவை பின்னிக்கொண்டால் தொல்லை.

இன்னும் ஒன்று. சுவரை மீண்டும் மூடுமுன், குழாய் செல்லும் வழியை அளவுநாடா வைத்து நிழற்படமெடுத்து, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், அம்மா. திருவுருவப் படம் மாட்ட ஆணி அடிக்கப் போகிறவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு அடிக்கலாம்.